சாவா மூவாச் சந்தா

'ஆயுள் சந்தா' என்ற சொற்சேர்க்கைக்குச் சிற்றிதழ் வாசகர்கள் பல காலமாகப் பழகிப்போனவர்கள். இதழின் உள்ளட்டையில், ஆசிரியர் பெயருக்கும் அச்சக முகவரிக்கும் நடுவே, தனி இதழ், ஆண்டுச் சந்தா, ஆயுள் சந்தா என்று மூன்று வரிகள் இருக்கும். பழக்கத்தினாலேயே மூன்றாவது வரியிடம் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்பதில்லை. யாருடைய ஆயுள்? பணம் கட்டியவருடையதா? இதழுடையதா? இதழை நடத்துபவருடையதா? தமிழில் பின்னிரண்டு ஆயுள்களுக்கும் பெரும்பாலும் வேறுபாடு இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் கேள்வியை எனக்குள் மறுபடி எழுப்பியவன், இலக்கியத்தோடு தொடர்பேதும் இல்லாத என் அக்காள் மகன். சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். பல ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் உலவும் இணைய விளையாட்டு ஒன்றில் இரவு நேரங்களைக் கழிப்பவன். அந்த விளையாட்டுக்காரர்கள் அவனிடம் ஒரு சலுகையை நீட்டியிருந்தார்கள்.

"மாசம் எழுநூறு ரூபா மாமா. ஒரேயடியா பதினாலாயிரம் கட்டிட்டா ஆயுசுக்கும் கட்ட வேணாம். கட்டலாமா?"

"யாரோட ஆயுசுக்கு?" என்றேன்.

"அதான் மாமா எனக்கும் தெரியல" என்றான்.

விளையாட்டுக்குப் பணமா என்று சலித்துக்கொள்வது என் தலைமுறைக்கு எளிது. ஆனால் நாம் படிக்கும் இதழ்களும் உலகத்தின் கண்ணுக்கு விளையாட்டுத்தான். அவன் கேள்வியை அதன் நியாயத்தோடு எடுத்துக்கொள்வதே சரி என்று பட்டது. கணக்கு எளிமையானது. 14,000-ஐ 700-ஆல் வகுத்தால் 20 மாதம். அவன் 20 மாதங்களுக்கு மேல் அதை விளையாடுவானா, அந்த விளையாட்டும் 20 மாதங்களுக்கு மேல் இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடை கிடைத்தால் மட்டுமே கட்டுவது லாபம். ஒன்றில் 'இல்லை' வந்தாலும் பணம் போயிற்று.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் 2007-ஆம் ஆண்டு இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப்போயிருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரலில், டோல்கீனின் கதையுலகை வைத்து 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன்' என்ற விளையாட்டு வெளியானது. முன்பதிவு செய்தவர்களுக்கு மாதம் 9.99 டாலர், அல்லது ஆயுளுக்கு 199 டாலர். இதுவும் ஏறக்குறைய 20 மாதக் கணக்குதான். 2010-இல் அது அடிப்படை விளையாட்டைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2016 இறுதியில் அதை நடத்தும் நிறுவனமும் மாறியது. ஆனாலும் விளையாட்டு நிற்கவில்லை. முதல் ஆண்டில் 199 டாலர் கட்டியவர்கள் பதினெட்டு ஆண்டுகளைக் கடந்தும் அந்தப் பழைய வாக்கின் பலனை அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் கடைசி நாளில் 'ஹெல்கேட்: லண்டன்' வெளியானது. பெயர் பெற்ற வல்லுநர்கள் கூடி நடத்திய ஃபிளாக்‌ஷிப் ஸ்டுடியோஸின் படைப்பு. மாதம் 9.95 டாலர், ஆயுளுக்கு 149.99 டாலர். அதாவது 15 மாதச் சந்தா. 2008 ஜூலையில் அந்த நிறுவனம் நொடித்தது. 2009 ஜனவரி இறுதியில் சர்வர்களை அணைத்துவிட்டார்கள். வெளியான நாளிலிருந்து எண்ணினால் சரியாகப் பதினைந்து மாதம். ஆயுள் சந்தா கட்டியவருக்கு மிச்சமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. கணக்கை நேர்செய்துவிட்டுத்தான் எமன் வந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்த விளையாட்டை ஆறாவது மாதத்தில் சலித்து விட்டவனுக்கும், பத்து வருடம் ஆடலாம் என்று நம்பியவனுக்கும் இந்த நேர்கணக்கு ஆறுதல் தராது.

ஒரே ஆண்டு, ஒரே வகை வாக்குறுதி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எது நிலைக்கும், எது சாயும் என்று சொல்ல வழியிருந்திருக்காது.

*

நம் பக்கத்துக் கணக்கு இதைவிடக் கடினம். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கிய சி.சு.செல்லப்பா, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்பே அறிவித்தவர். அந்த இரண்டாயிரத்தை எட்டவிடாமல் தமிழ்ச் சமூகம் பார்த்துக்கொண்டது. புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறியிறங்கி அவர் 1970 வரை அதை இழுத்துக்கொண்டு வந்தார். நா.பார்த்தசாரதி 1965-இல் தொடங்கிய 'தீபம்', 1987 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு அதிக நாள் நீடிக்கவில்லை. 1991 முதல் கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த 'சுபமங்களா'வின் கதை 1995-இல் அவரோடு முடிந்தது. ஆசிரியரின் மூச்சே இதழின் மூச்சு.

விலக்குகளும் உண்டு. 1965-இல் தில்லியில் கி.கஸ்தூரிரங்கன் தொடங்கிய 'கணையாழி' கைமாறியது, இடையில் நின்றது, மீண்டும் வந்தது. சுந்தர ராமசாமி 1988-இல் தொடங்கிய 'காலச்சுவடு' சில இதழ்களோடு நின்று, 1994-இல் அடுத்த தலைமுறையின் கையில் உயிர்பெற்றது. இத்தகைய இதழ் ஒன்று நின்றிருந்த காலத்தில் அதன் பழைய சந்தாதாரர் எந்த நிலையில் இருந்தார்? இறந்த இதழின் வாரிசா, உறங்கும் இதழின் காவல்காரரா? பெரிய இதழ்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1941-இல் தொடங்கிய 'கல்கி' வார இதழ் 2020-இல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. தாளில் படிக்கவே விரும்பும் ஒரு முதியவருக்கு அது தொடர்ச்சியா, முடிவா?

எங்கள் கள்ளக்குறிச்சியில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர், 1990-களின் நடுவில் ஊதிய நிலுவைத் தொகை கைக்கு வந்தபோது மூன்று சிற்றிதழ்களுக்கு ஆயுள் சந்தா கட்டினார். வீட்டில் மராமத்துக்கென்று வைத்திருந்த பணம். ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய். அன்று ஆண்டுச் சந்தா 50 ரூபாய். முதல் இதழ் ஏழே இதழ்களோடு நின்றது. நின்றதாகக் கடிதம்கூட வரவில்லை. இரண்டாவது, மாத இதழாகத் தொடங்கிக் காலாண்டிதழாகி, பிறகு ஆசிரியருக்குத் தோன்றும்போது வருவதாகி, ஒருநாள் தோன்றாமலே போனது. மூன்றாவது வந்துகொண்டேயிருந்தது. விலை ஏறியது, அட்டை வண்ணமானது, உறையின் மேல் அவர் பெயர் மட்டும் மாறவில்லை.

அவர் 2009-இல் இறந்தார். இதழ் நிற்கவில்லை. அவருடைய மனைவி அதைப் பிரிக்காமல் எடுத்துவைத்து, நான் போகும்போது தருவார். ஒருமுறை, அலுவலகத்துக்கு எழுதித் தகவல் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். ஒப்பந்தப்படி பார்த்தால் சந்தா அவரோடு முடிந்ததல்லவா?

"வேணாம் தம்பி. அவரு பேருக்கு வர்றது இது ஒண்ணுதான். வந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அந்த 1,500 ரூபாயில் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் துணிவு அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. முதல் இதழ் வாக்கில் பாதியைக்கூட நிறைவேற்றவில்லை. மூன்றாவது இதழ் கொடுத்த வாக்கையும் கடந்து போய்விட்டது. இரண்டுக்கும் கட்டிய தொகை ஒன்றே.

*

ஆயுள் என்ற சொல்லை வணிகர்கள் கையாளும் முறையில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நாம் ஒரு வண்டி வாங்கும்போது கட்டும் 'ஆயுள் வரி'யின் ஆயுள் தமிழ்நாட்டில் 15 ஆண்டு. அதிலாவது ஒளிவுமறைவில்லை, எண் எழுதப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் நடந்தது வேறு. 2005-இன் இறுதியில் 999 ரூபாய்க்கு 'ஆயுள்கால' இணைப்பு என்று விளம்பரங்கள் வந்தன. ஒருமுறை கட்டினால் அழைப்புகள் என்றென்றும் வந்துகொண்டிருக்கும் என்பது பொருள். யாருடைய ஆயுள் என்று அன்று கேட்டவர்கள் இருந்தார்கள் போலும். வாடிக்கையாளரின் ஆயுள் அல்ல, அந்த நிறுவனம் சேவை வழங்க உரிமம் பெற்றிருக்கும் காலமே ஆயுள் என்ற விளக்கம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடமிருந்து 2006-இல் வந்தது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018-இல் நின்றே போனது. அதே ஆண்டு முடிவில் பெரிய நிறுவனங்கள், 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் வரும் அழைப்பும் நின்றுவிடும் என்று அறிவித்தன. என்றென்றைக்கும் என்பது பதின்மூன்று ஆண்டுகளில் இருபத்தெட்டு நாளாகச் சுருங்கியது.

நான் பிறந்து வளர்ந்தது கள்ளக்குறிச்சி நகரத்துக்குள் இருக்கும் கருணாபுரம். அங்கே எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி அப்படிப்பட்ட இணைப்பை வைத்திருந்தார். மகன் பெங்களூரில் கட்டட வேலை. அவரிடமிருந்து அழைப்பு போகாது, மகனிடமிருந்து வரும். அதற்காகவே அந்தக் கருவி. ஒருநாள் அது மணியடிப்பதை நிறுத்தியது. கருவி கெட்டுவிட்டதென்று நினைத்து அவர் பழுது பார்ப்பவனிடம் இரண்டு முறை கொண்டுபோனார். கருவியில் பழுதில்லை, 'ஆயுள்' முடிந்துவிட்டது என்பதை அவருக்கு விளக்க எனக்குத் தெரிந்த தமிழ் போதவில்லை.

*

காலத்துக்கும் நிற்கும் வாக்கு என்ற யோசனை இணையத்திலோ சிற்றிதழிலோ பிறந்ததல்ல. எங்கள் மாவட்டத்திலேயே, திருக்கோவலூர்க் கீழூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் விளக்குக் கொடைகளும் உண்டு. தமிழகமெங்கும் அந்தக் கொடைகளுக்கு ஏறக்குறைய ஒரே வாய்பாடு. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு அல்லது 96 ஆடு. அவற்றை இடையர்கள் பெற்றுக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திரனும் சூரியனும் உள்ளவரை. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு சூட்டும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு.

ஆடு சாகும் என்பது அந்த இடையருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். சாவதும் மூப்பதும் தனி ஆடு, மந்தை அல்ல. ஈன்ற குட்டிகள் இறந்தவற்றின் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது ஏற்றவர் பொறுப்பு. அதாவது கொடையாளி கொடுத்தது நெய்யின் விலையை அல்ல, நெய் தரும் முதலை. முதலைத் தொடாமல் அதன் விளைச்சலிலிருந்து மட்டும் விளக்கு எரிய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு பெற்றவர்களின் பெயர்களோடு பிணை நின்றவர்களின் பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. வாக்கைக் காலத்துக்கும் நீட்டினால் அதைத் தாங்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தக் கண்ணோடு என் ஆசிரியரின் 500 ரூபாயைப் பார்க்கிறேன். அன்று வங்கி வைப்புக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 500 ரூபாயை வைப்பில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 50 ரூபாய். அப்போது அதுதான் ஆண்டுச் சந்தா. ஆண்டுச் சந்தாவின் பத்து மடங்கு ஆயுள் சந்தா என்ற கணக்கு, தெரிந்தோ தெரியாமலோ, சாவா மூவாப் பேராட்டின் கணக்குதான். தாள் விலையும் அஞ்சல் கட்டணமும் ஏறாமல் இருந்திருந்தால், வட்டி குறையாமல் இருந்திருந்தால், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தொகை வைப்பாகவே இருந்திருந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனால் சிற்றிதழ் ஆசிரியர் எவரும் ஆயுள் சந்தாவை வங்கியில் போடும் நிலையில் இருந்ததில்லை. அச்சகக்காரர் வாசலில் நிற்பார். ஆடு கிடைத்த அன்றே அறுபட்டுக் குழம்பாகிவிடும். அந்த மாத இதழ் வெளிவரும், பத்தாம் ஆண்டு இதழ் வெளிவராது.

இணைய விளையாட்டுகளிலும் நடப்பது இதுதான். வெளியாகும் மாதத்தில் ஆயுள் சந்தாவை விற்பவன் பிற்காலத்து வருவாயை இன்றே வாங்கிக்கொள்கிறான். அதில் அன்றைய கடனை அடைக்கிறான். பிறகு சர்வருக்கும் ஆட்களுக்கும் மாதாமாதம் செலவு உண்டு. ஆயுள் உறுப்பினர்களிடமிருந்து வரவு இல்லை. அதிக நம்பிக்கையோடு வந்தவர்களே சுமையாகிவிடுகிறார்கள். ஒரு நிறுவனம் ஆயுள் சந்தாவைத் திடீரென்று பாதி விலைக்குக் கூவி விற்கிறதென்றால் அது வாசகனுக்குத் தரும் பரிசாக இருக்க வேண்டியதில்லை, அவசரத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டு, பந்தயத் தன்மையில்லாத சந்தா விளையாட்டுகளை அனுமதிக்கிறது. பந்தயம் வேறு, சந்தா வேறு. சட்டத்தின் நோக்கத்துக்கு அந்தப் பிரிவினை சரியே. ஆனால் ஆயுள் சந்தா இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. கட்டுகிறவன் 'நீ என்னைவிட நீண்ட நாள் இருப்பாய்' என்று பணம் வைக்கிறான். வாங்குகிறவன் 'உன் ஆர்வம் அதற்கு முன்பே செத்துவிடும்' என்று எதிர்ப்பணம் வைக்கிறான். பெரும்பாலும் வெல்வது இரண்டாமவன்.

ஆகவே அக்காள் மகனுக்கு இவ்வளவே சொன்னேன். முதலில் ஆறு மாதம் மாதச் சந்தா கட்டு. அதற்குப் பிறகும் ஆசை அப்படியே இருந்தால், அந்த விளையாட்டு எத்தனை ஆண்டாக நடக்கிறது என்று பார். பல ஆண்டு நடந்ததற்குப் பதினாலாயிரம் கட்டலாம். இன்னும் வெளிவராததற்குக் கட்டாதே. இருபதாம் மாதத்தில் அது நின்றாலும் வயிறு எரியாது என்றால் மட்டும் கட்டு. அவன் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். என்ன செய்தான் என்று நான் விசாரிக்கவில்லை.

*

ஆனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்ல முடியாது. கருணாபுரத்தின் பெயரை வெளியுலகம் அறிந்தது 2024 ஜூன் மாதம். மெத்தனால் கலந்த சாராயத்தால் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக 60-க்கும் மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் இறந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். அந்த வாரத்தில் எங்கள் தெருக்களில் பந்தல் போட ஆளில்லை என்ற நிலை. அதற்குப் பிறகு 'ஆயுசு' என்ற சொல் அங்கே எளிதாக வாயில் வருவதில்லை. முன்பெல்லாம் யாரையாவது நினைத்த மாத்திரத்தில் அவர் எதிரே வந்தால் "உனக்கு ஆயுசு நூறு" என்பார்கள். இப்போது அந்த வழக்கம் குறைந்திருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

அந்த மனிதர்கள் எதையும் மொத்தமாக வாங்கியதில்லை. எண்ணெய் பாக்கெட்டில், ஷாம்பு ஒரு ரூபாய்ப் பொட்டலத்தில், கைப்பேசிக்குப் பத்து ரூபாய் டாப்-அப். கூட்டிப் பார்த்தால் மொத்தமாக வாங்குபவரைவிட அவர்கள் கட்டிய விலை அதிகம். ஒரேயடியாகக் கட்டினால் மலிவு என்ற சலுகை, ஒரேயடியாகக் கட்டக்கூடிய பணம் உள்ளவருக்கே உரியது. இன்னொரு கோணத்தில், நாளை எப்படியிருக்கும் என்று அறியாதவன் இன்றைக்கு மட்டும் பணம் கட்டுவது அறியாமையல்ல. தன் ஆயுளைப் பற்றி அவனுக்கிருந்த மதிப்பீடு விளம்பரக்காரனுடையதைவிடத் துல்லியமாக இருந்தது. அதை எழுதும்போது கை கூசுகிறது என்றாலும் அதுதான் உண்மை.

மொத்தமாகக் கட்டும் வசதி எனக்கு இருக்கிறது. ஆகவே விளையாட்டுக்கும் கைப்பேசிக்கும் வைக்கும் அளவுகோலைச் சிற்றிதழுக்கு நான் வைப்பதில்லை. புதிய இதழ் ஒன்று ஆயுள் சந்தா என்று கேட்டால், அதைக் கொள்முதலாக எண்ணாமல் கொடையாக எண்ணிக் கட்டுகிறேன். ஏழு இதழ் வந்தால் ஏழு இதழ். நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்தவர்களில் எவரும் நாள்தோறும் போய் உழக்கு நெய் அளக்கப்பட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள்.

எனினும் இதழ் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. 'ஆயுள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஐந்தாண்டு' என்று அச்சிடுங்கள். அதையாவது காப்பாற்ற முடியும். ஐந்தாண்டுக்குள் நின்றுபோனால், நின்றுவிட்டது என்று ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். எஞ்சிய பணத்தைக் கேட்டு எவரும் வரப்போவதில்லை. எங்கள் ஊரில் ஐந்தாண்டு என்பதே நீண்ட காலம்.